மட்டியில் காட்மியம்: வரம்பு யாருக்காக எழுதப்பட்டது?

பிரான்சின் தென்மேற்கில் ஜிரோந்து என்று ஒரு கழிமுகம் இருக்கிறது. கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் ஒன்றுசேர்ந்து அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடம் அது. 1979இல் அந்த நாட்டின் கடல் கண்காணிப்பு அமைப்பு கரையோரச் சிப்பிகளை இடம் இடமாக எடுத்துச் சோதிக்கத் தொடங்கியது. ஜிரோந்துச் சிப்பிகளில் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று ஆற்றோடு மேலேறிப் போனவர்களுக்கு விடை கிடைத்த இடம் கடலிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருந்தது. விவியே என்ற சிற்றூர். 19ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே துத்தநாகத் தாதுவை உருக்கி வந்தார்கள். துத்தநாகத் தாது எங்கே இருந்தாலும் அதோடு காட்மியமும் இருக்கும். ஆலைக்குப் பக்கத்தில் குவித்த கழிவின் மேல் மழை பெய்ய, ஒரு சிற்றாறு வழியாக லோத் ஆற்றுக்கும், அங்கிருந்து கரோனுக்கும், கடைசியில் கழிமுகத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது.

1987இல் அந்த ஆலை தாதுவை உருக்குவதை நிறுத்திவிட்டது. ஆனால் கழிமுகத்தில் சிப்பி எடுக்கக் கூடாது என்ற தடை 1996இல்தான் வந்தது. ஆலை நின்ற பிறகும் எதற்குத் தடை என்று தோன்றலாம். லோத் ஆற்றின் அணைகளுக்குப் பின்னால் படிந்த சேற்றில் அத்தனை ஆண்டுக் காட்மியமும் தங்கிவிட்டது. ஒவ்வொரு பெரிய வெள்ளமும் கொஞ்சத்தைக் கிளறிக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தது.

இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துவது கழிமுகத்தில் நடக்கும் வேதியியல். நன்னீரில் காட்மியம் பெரும்பாலும் மண் துகள்களில் ஒட்டிக்கொண்டு வரும். உப்புநீர் கலக்கும் இடத்துக்கு வந்ததும் கடல்நீரில் இருக்கும் குளோரைடு அதைத் துகளிலிருந்து பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. சேற்றோடு அடியில் படிந்திருக்க வேண்டியது நீரில் கரைந்து உயிர்களுக்குள் எளிதாகப் புகும் வடிவத்துக்கு மாறுகிறது. இது நடப்பது உவர்நீரில். சிப்பியும் மட்டியும் விரும்பி வாழ்வதும் அதே உவர்நீரில்தான்.

அப்புறம் அவற்றின் உடலமைப்பு. இரட்டை ஓட்டுயிர்கள் இரை தேடிப் போவதில்லை. இருந்த இடத்தில் இருந்துகொண்டு நீரை உள்ளே இழுத்து, நுண்பாசிகளை வடித்துத் தின்றுவிட்டு நீரை வெளியே விடுகின்றன. நல்ல சூழலில் வளர்ந்த ஒரு சிப்பி ஒரே நாளில் 100 லிட்டருக்கும் மேல் நீரை இப்படி வடித்துவிடும். நீரில் உலோகம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இத்தனை லிட்டர் இத்தனை மாதம் உடலைக் கடந்து போகும்போது அது சேரத்தான் செய்யும். உள்ளே வந்த காட்மியத்தை மெட்டாலோதயோனின் என்ற புரதம் பிடித்துக் கட்டிவைக்கிறது. அந்த உயிருக்கு அது பாதுகாப்பு. கட்டிவைத்ததால் தனக்குத் தீங்கில்லாமல் அது கொழுகொழுவென்று வளர்கிறது. தின்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நகராமல் ஓரிடத்தில் இருப்பதும் உலோகத்தைச் சேர்த்து வைப்பதுமான இந்தக் குணத்தால்தான், கடலின் நிலையை அறிய ஆழி என்ற இரட்டை ஓட்டுயிர்களையும் சிப்பிகளையும் உலகம் முழுவதும் சோதிக்கலாம் என்று எட்வர்ட் கோல்ட்பெர்க் என்ற அமெரிக்கக் கடல் வேதியியலாளர் 1975இல் முன்மொழிந்தார். பல நாடுகள் பின்பற்றின. நீரை ஒரு போத்தலில் எடுத்துச் சோதித்தால் அந்த நிமிடத்துக் கணக்குதான் கிடைக்கும். சிப்பியைச் சோதித்தால் பல மாதக் கணக்கு கிடைக்கும்.

சில உலோகங்கள் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். 1986இல் தைவானின் தென்மேற்குக் கரையில் வளர்ப்புச் சிப்பிகள் பச்சை நிறமாக மாறின. பழைய மின்பொருள்களை அமிலத்தில் கரைத்து உலோகம் எடுத்தவர்கள் கழிவை ஆற்றில் விட, அதிலிருந்த செம்பு சிப்பியில் ஏறியிருந்தது. நிறத்தைப் பார்த்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், ஹோபார்ட் நகரத்துத் துத்தநாக ஆலைக்குக் கீழே டெர்வென்ட் கழிமுகத்துச் சிப்பிகளைத் தின்றவர்களுக்கு 1970களின் தொடக்கத்தில் வாந்தி எடுத்தது. துத்தநாகம் அளவு மீறினால் வயிறு உடனே வெளியே தள்ளிவிடும். ஆனால் காட்மியமும் ஈயமும் நாம் சாப்பிடும் அளவுகளில் நிறமும் காட்டாது, வாடையும் அடிக்காது, மறுநாள் வயிற்றையும் கலக்காது. புதிதாக, ருசியாக, நன்றாக வெந்த மட்டியாகவே இருக்கும்.

உடலுக்குள் போன காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும். அங்கிருந்து பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது இருபது வயதில் தின்றதில் ஒரு பகுதி ஐம்பது வயதிலும் உள்ளே இருக்கும். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதாகத் தொடங்கினால் உடல் சேமிக்க வேண்டிய புரதமும் கால்சியமும் பாஸ்பேட்டும் சிறுநீரோடு போய்விடும். அதன் அடுத்த கட்டம் எலும்பு. ஜப்பானின் தொயாமா மாநிலத்தில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசியைத் தின்றவர்களுக்கு, அதிலும் பிள்ளை பெற்று நடுவயது தாண்டிய பெண்களுக்கு, எலும்பு மெலிந்து இருமினால்கூட முறியும் நிலை வந்தது. மேலே இருந்த துத்தநாகச் சுரங்கத்தின் காட்மியமே காரணம் என்று ஜப்பான் அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. அது அரிசியில் வந்தது, சிப்பியில் இல்லை. ஆனால் காட்மியம் எந்த உணவில் வந்தாலும் அது சேரும் உறுப்பு ஒன்றுதான்.

சரி, எவ்வளவு தின்றால் ஆபத்து? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இந்த விஷயத்தைப் பேசிப் பயனில்லை.

உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2010இல் ஒரு வரையறை சொன்னது. ஒரு மாதத்தில் ஒருவர் உட்கொள்ளும் காட்மியம், உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு மாதம் 1250 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைவிடக் கண்டிப்பு. வாரத்துக்குக் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம்தான். அதே 50 கிலோ மனிதருக்கு வாரம் 125 மைக்ரோகிராம்.

இன்னொரு பக்கம், சந்தையில் விற்கும் உணவுக்கான வரம்பு. பன்னாட்டு உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ், மட்டி, ஆழி போன்ற இரட்டை ஓட்டுயிர்களின் சதையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் காட்மியம் வரை அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1 மில்லிகிராம். கோடெக்ஸ் வரம்பைத் தொட்டு நிற்கும், சட்டப்படி விற்கத் தகுதியுள்ள மட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு கிராம் சதையில் 2 மைக்ரோகிராம். 50 கிலோ எடையுள்ளவர் மாதத்துக்கு 625 கிராம் சாப்பிட்டால் அவருடைய மாதக் கணக்கு முடிந்துவிடும். மாதத்தில் ஒன்றிரண்டு தடவை உணவகத்தில் ஒரு தட்டு தின்பவர் இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வரமாட்டார். நாள்தோறும் 100 கிராம் தின்பவரோ மாதம் 6000 மைக்ரோகிராம் உட்கொள்வார். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மாதம் 190 கிராமுக்குள் கணக்கு முடிந்துவிடும். இவ்வளவுக்கும் அரிசியிலும் கீரையிலும் கிழங்கிலும் வரும் காட்மியத்தையோ, வீட்டில் யாராவது புகைத்தால் அந்தப் புகையில் வருவதையோ இதில் சேர்க்கவில்லை.

எல்லா மட்டியிலும் இவ்வளவு இருக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலான இடங்களில் வரம்புக்கு வெகு கீழேதான் இருக்கிறது. நான் சொல்ல வருவது, "வரம்புக்குள் இருக்கிறது" என்ற ஒரு வாக்கியம் எப்போதாவது தின்பவருக்கு ஒரு பதிலையும் தினமும் தின்பவருக்கு வேறொரு பதிலையும் தருகிறது என்பதுதான். சந்தை வரம்பு சரக்குக்காக எழுதப்பட்டது. சரக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அது பார்க்கும். தின்பவர் எவ்வளவு தின்கிறார் என்று பார்க்காது. கோடெக்ஸின் அந்த 2 மில்லிகிராம் வரம்பு சிப்பிக்கும் விசிறிச் சிப்பிக்கும் பொருந்தாது என்று அந்தத் தரத்திலேயே எழுதியிருக்கிறது. காட்மியம் கூடுதலாகச் சேர்வதே அந்த இரண்டில்தான். எல்லோருக்கும் பொதுவாக ஒரு எண் வைத்தால் பல நாட்டு வணிகம் நின்றுவிடும் என்பதால் அப்படி விட்டிருக்கிறார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

வணிகம் நிற்பது கற்பனையும் இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து போன சிப்பிகளை, காட்மியம் 2 மில்லிகிராமைத் தாண்டியதால் ஹாங்காங் திருப்பி அனுப்பியது. அங்கே குற்றம் சொல்ல விவியே போன்ற ஆலை கிடையாது. பசிபிக்கின் ஆழ்நீரில் இயற்கையாகவே காட்மியம் கூடுதல். அது மேலெழும் கரைகளில் சிப்பி அதை எடுத்துக்கொள்கிறது. ஆகவே சிப்பியில் உலோகம் இருக்கிறது என்பதாலேயே பக்கத்து ஆலையைக் கைகாட்டிவிட முடியாது. மூலத்தைத் தேடித்தான் ஆக வேண்டும், ஜிரோந்தில் தேடியதுபோல.

தின்ற காட்மியம் அத்தனையும் உடலில் ஏறுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடலில் உறிஞ்சப்படுவது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு. ஆனால் உடலில் இரும்புச் சத்து குறைந்தால் இது கூடும். இரும்பை ஏற்றும் அதே வாசல் வழியாகக் காட்மியமும் நுழைவதால், இரும்புக்கு ஏங்கும் குடல் காட்மியத்தையும் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. சுவீடனில் 1990களில் பெண்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஓட்டுயிர் உணவை நிறையச் சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிட இரு மடங்கு காட்மியம் உட்கொண்டிருந்தார்கள். ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் இரத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இரும்புச் சேமிப்பு குறைந்த பெண்களைத் தனியாகப் பார்த்தபோதுதான் சிப்பி தின்றவர்களின் இரத்தத்தில் காட்மியம் தெளிவாகக் கூடியிருந்தது. இந்த முடிவை நம் நாட்டில் வைத்துப் படித்தால் வேறு கனம் வருகிறது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை. அதில் எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை என்றாலும் ஒரு பெரிய பங்கு அதுதான். நன்றாகச் சாப்பிட்ட உடலுக்குப் போட்ட கணக்கு, சோகை பிடித்த உடலுக்குச் சரியாக வராது.

மற்ற உலோகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈயத்துக்கு முன்பு ஒரு வாராந்தர அளவு இருந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்காத அளவு என்று ஒன்றைக் காட்ட முடியாததால் 2010இல் அதை விலக்கிக்கொண்டார்கள். ஆர்செனிக்கைப் பற்றிச் செய்திகள் அடிக்கடி பயமுறுத்துகின்றன. கடலுயிர்களில் இருக்கும் ஆர்செனிக்கில் பெரும்பகுதி ஆர்செனோபீட்டைன் என்ற கரிமச் சேர்மம். அது தீங்கில்லாமல் சிறுநீரில் போய்விடும். கனிம ஆர்செனிக் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாத அறிக்கையைப் பார்த்துப் பதற வேண்டாம். பாதரசத்தில் சுறா, சூரை போன்ற பெரிய மீன்கள்தான் பொதுவாக முன்னால் நிற்கும், ஓட்டுயிர்கள் பின்னால்தான்.

பொதுவாக என்றுதான் சொன்னேன். மினமாட்டாவில் அப்படி இருக்கவில்லை. ஜப்பானின் அந்த விரிகுடாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் அசெட்டால்டிகைடு ஆலை மெதில் பாதரசத்தைக் கலந்தது. அதனால் வந்த நரம்பு நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே 1இல். நோயாளிகள் பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள். விரிகுடாவின் மீனும் மட்டியும்தான் அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு. குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாதரசச் சேர்மத்தைப் பிரித்தெடுத்ததும் அந்த விரிகுடாவின் மட்டிகளிலிருந்துதான். நோய்க்குக் காரணம் இந்த உணவு என்று சந்தேகம் வலுத்ததும், உணவுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் அதைத் தடுக்கலாமா என்று குமமோட்டோ மாநில நிர்வாகம் 1957இல் நடுவண் சுகாதார அமைச்சகத்தைக் கேட்டது. விரிகுடாவின் மீனும் மட்டியும் எல்லாமே நஞ்சாகிவிட்டன என்பதற்குத் தெளிவான சான்று இல்லை, ஆகவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்று பதில் வந்தது. ஆலைக் கழிவே காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆனது. இடைப்பட்ட பதினோரு ஆண்டும் மக்கள் அதைத் தின்றுகொண்டிருந்தார்கள். கருவிலிருந்த பிள்ளைகளும் அதில் அடக்கம். "எல்லாமே" என்பதற்குச் சான்று கேட்ட அந்த ஒரு பதிலை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

சமையலறையில் இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நல்ல சேதி குறைவு. மட்டியை இரவெல்லாம் உப்புநீரில் போட்டு மண் கக்க வைப்பது மணலுக்குத்தான். வணிகப் பண்ணைகளில் சுத்தமான கடல்நீர்த் தொட்டியில் இரண்டு நாள் வைத்திருப்பார்கள். குடலில் உள்ள கிருமிகள் பெருமளவு போகும். சதையில் கட்டுண்ட காட்மியம் இரண்டு நாளில் போகாது, சுத்தமான நீரில் விட்டாலும் அதற்கு மாதக்கணக்காகும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் உலோகம் அழியாது. ஒன்று செய்யலாம். நண்டு ஓட்டுக்குள் இருக்கும் பழுப்பும் மஞ்சளுமான பகுதியில் ஈரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு இருக்கிறது. காட்மியம் சேர்வது அதில்தான். காலிலும் கொடுக்கிலும் உள்ள வெள்ளைச் சதையில் மிகக் குறைவு. ஓட்டை உறிஞ்சுவதுதான் ருசி என்று தெரியும். குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அந்தப் பகுதியை அடிக்கடி கொடுக்காமல் இருப்பது நல்லது. கணவாயிலும் குடலையும் ஈரலையும் முழுதாக எடுத்துவிட வேண்டும். மட்டியையும் ஆழியையும் இப்படிப் பிரிக்க வழியில்லை, முழுதாகத்தான் தின்கிறோம்.

நம் கரையில் இந்தக் கேள்வி மிக நெருக்கமாக நிற்கும் இடம் எண்ணூர். கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் வந்து சேரும் கழிமுகம். மேலே மணலியின் ஆலைகள், பக்கத்தில் அனல் மின்நிலையங்கள். நிலக்கரி எரிந்த சாம்பலைக் குழம்பாக்கிக் கொண்டுபோகும் குழாய்கள் உடைந்து கழிமுகத்திலேயே சாம்பல் படிந்த விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. சாம்பலில் ஈயம், ஆர்செனிக், குரோமியம், காட்மியம் என்று நிலக்கரியில் இருந்த உலோகங்கள் செறிந்து கிடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்தது. இதே கழிமுகத்தில்தான் பச்சை ஆழியும் மஞ்ச மட்டியும் எடுத்தார்கள். வெளியூர் இனமான காக்கா ஆழி பரவியதில் அவை குறைந்துபோனதாக மீனவர்கள் சொல்கிறார்கள். பறி என்ற கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் இந்த நீரையே நம்பியிருக்கின்றன.

விலைபோகிற இறால் சந்தைக்குப் போகும். விலைபோகாதது வீட்டுக்கு வரும். சென்னையின் உள்ளே இருக்கும் ஒருவர் இந்தக் கழிமுகத்து மட்டியை ஆண்டுக்கு ஒரு தடவைகூடச் சாப்பிடாமல் இருக்கலாம். கரையில் இருப்பவர்கள் கிடைத்த நாளெல்லாம் சாப்பிடுகிறார்கள். சந்தை மாதிரியை எடுத்து "வரம்புக்குள்" என்று ஓர் அறிக்கை வந்தால் அது முதல் மனிதருக்குத் தேவையில்லாத ஆறுதல். இரண்டாமவரைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை.

அறிக்கைகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் உலர்த்திய சதையின் எடைக்குக் கணக்குச் சொல்லும். சட்ட வரம்புகள் ஈரச் சதைக்கு. மட்டிச் சதையில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதால் உலர் கணக்கு ஈரக் கணக்கைப்போல ஐந்து மடங்கு வரும். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று உலர் எடையில் சொன்னால் அது ஈரத்தில் 1 மில்லிகிராம்தான். இரண்டையும் குழப்பி எழுதிய செய்திகள் ஒரு பக்கம் பீதியைக் கிளப்புகின்றன, மறு பக்கம் உண்மையான எச்சரிக்கையைக்கூட யாரும் நம்பாமல் செய்துவிடுகின்றன.

டெர்வென்ட் கழிமுகத்தில் இன்றும் எச்சரிக்கை நடப்பில் இருக்கிறது. அந்தக் கழிமுகத்தில் தானே வளரும் சிப்பியையும் ஆழியையும் எடுத்துத் தின்னவே வேண்டாம் என்று டாஸ்மேனிய மக்களுக்குச் சொல்கிறார்கள். மீனுக்குத் தனி அறிவுரை. எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று பெரியவர்களுக்கு ஒரு அளவு. கருவுற்றவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைந்த அளவு. சோதனை முடிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் வேண்டியது இந்த வகைக் கணக்குதான். எந்த இடத்து மட்டி, எந்தப் பருவம், ஈரச் சதையில் எவ்வளவு, அந்தக் கரையில் ஒரு வீட்டில் வாரத்துக்கு எவ்வளவு தின்கிறார்கள், அங்குள்ள பெண்களின் இரத்தத்தில் இரும்பு எவ்வளவு. இதெல்லாம் ஒரு மாவட்ட ஆய்வகமும் ஊர்ச் செவிலியரும் சேர்ந்தால் திரட்டக்கூடிய தகவல்கள்தான்.

ஆனால் ஹோபார்ட்டில் சிப்பி வேண்டாம் என்றால் அங்கிருப்பவர் கடைக்குப் போய் வேறொன்று வாங்கிக்கொள்வார். எண்ணூரில் மட்டி வேண்டாம் என்று சொல்வது ஒரு குடும்பத்தின் அன்றைய புரதத்தை எடுத்துக்கொள்வது. எச்சரிக்கைப் பலகை வைக்கும் துறையே அந்த இடத்தில் முட்டையோ பருப்போ பணமோ எது ஈடாக வரும் என்பதையும் அதே நாளில் எழுதித் தர வேண்டும். அந்தச் செலவு, சாம்பலையும் எண்ணெயையும் கழிமுகத்தில் விட்டவர்களின் கணக்கில் ஏற வேண்டும்.